தலைப்பிரட்டைக்குக் கால் முளைத்த மருந்து

எழுபதுகளின் கடைசியில் நான் ஜவ்வாது மலையில் தலைப்பிரட்டை பிடித்துக்கொண்டு திரிந்தேன். ஆராய்ச்சி என்று அதற்குப் பெயர். தைராய்டு சுரப்பு ஒரு சாவி என்றால், அதை வாங்கிக்கொள்ள உயிரணுவுக்குள் இருக்கும் ஏற்பி ஒரு பூட்டு. மீன், தவளை, மனிதன் என்று முதுகெலும்புள்ள பிராணிகள் கோடிக்கணக்கான வருஷங்களில் உடம்பை எப்படியெல்லாமோ மாற்றிக்கொண்டும், அந்தப் பூட்டை மட்டும் பெரிதாக மாற்றவில்லை. இதில் எனக்குத் தாங்க முடியாத பெருமை, ஏதோ நானே செய்து மாட்டியது போல.

ஓடையோரம் வாடகைக்கு எடுத்த வீட்டில் இரண்டு பேசின்கள் வைத்திருந்தேன். சுரப்பை முடக்கும் மருந்து கலந்த தண்ணீரில் தலைப்பிரட்டைகள் மாதக்கணக்கில் பெருத்தனவே தவிர, கால் முளைக்கவில்லை. பிறகு ஒரு பேசினில் மட்டும் சுரப்பைக் கலந்தேன். சில நாட்களில் கால்கள் எட்டிப்பார்த்தன.

எனக்குத் தண்ணீர் எடுத்து வந்து கொடுக்கும் பெண் குனிந்து பார்த்தாள்.

"இன்னா சார், இதுக்கு மட்டும் காலு வந்துகீது?"

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நானும் கெட்டேன்.

"மருந்துதாம்மா. அது நம்ம உடம்புலயும் ஊறுது. தவளைக்கும் நமக்கும் ஒரே பூட்டு."

மறுநாள் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஏழு வயது, மூன்று வயதுக் குழந்தையின் உயரம். தடித்த நாக்கு, பேச்சில்லை. பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது, பிறவியிலேயே தைராய்டு சுரக்காத குழந்தை.

"ஒரே பூட்டுன்னு சொன்னீங்களே. இதுக்கும் ஊத்துங்க சார்."

அத்தனை புத்தகம் படித்த எனக்கு அவள் கணக்கில் ஒரே ஒரு பிழைதான் தெரிந்தது. தலைப்பிரட்டை எவ்வளவு நாளானாலும் சாவிக்காகக் காத்திருக்கும். குழந்தையின் மூளை காத்திருக்காது. பிறந்த கையோடு கொடுத்திருக்க வேண்டும்.

திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்கு இருவரையும் பஸ்ஸில் அழைத்துப் போனேன். டாக்டர் மாத்திரை எழுதினார். என்னைத் தனியே கூப்பிட்டு, "வளர்த்தி கொஞ்சம் வரும். புத்தி, பேச்சு கஷ்டம். அம்மாகிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்க" என்றார். தலையாட்டினேன். மலையேறும் வரை சொல்ல வாய் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

அவள் ஒரு வேளைகூடத் தவறாமல் மாத்திரை கொடுத்தாள். ஒரு வருஷத்தில் சிறுமியின் பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. மகளைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தினாள்.

"காலு வளந்துடுச்சி சார். பேச்சு எப்போ வரும்?"

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல், என் ஆராய்ச்சி மேல், எல்லாவற்றுக்கும் மேலாக என் கையாலாகாத்தனத்தின் மேல்.

"வரும்மா" என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "மொதப் பேச்சு சார்னுதான் வரணும்னு தெனமும் சொல்லிக் குடுத்துக்குனு இருக்கேன்" என்று மகளை என் பக்கம் திருப்பினாள். "சொல்லு கண்ணு. சார்."

சிறுமி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.