ஸ்லீவை மறந்த ஏஞ்சலின் அக்கா

கள்ளக்குறிச்சியில் கார் ஒயரிங்குக்கு ஏஞ்சலின் அக்காவை விட்டால் ஆள் கிடையாது. அடித்துச் சொல்வேன். வாடகைக் கார் ஓட்டுகிற எனக்குத் தெரியாதா? முன்பு பம்புசெட் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டிக்கொண்டிருந்தவர், கச்சிராயபாளையம் ரோட்டில் கடை போட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. கைவேலை சுத்தம். வாய்தான் கொஞ்சம் காரம்.

போன திங்கட்கிழமை அவர் கடைக்கு எதிரிலேயே என் வண்டி நின்றுவிட்டது. உள்ளே நர்ஸ் அபிநயா. மலைமேல் வெள்ளிமலை ஆஸ்பத்திரியில் புது வேலை. அன்று பத்து மணிக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் ஆர்டர் ரத்து. மணி எட்டாகியிருந்தது.

பானெட்டைத் திறந்த அக்கா, எஞ்சினுக்குப் பெட்ரோல் ஏற்றும் பம்புக்குப் போகும் ஒயரைத் தூக்கிக் காட்டினார். எலி கடித்த இடத்தை நானே முறுக்கி, கையில் கிடைத்த மருந்துப் பிளாஸ்திரியைச் சுற்றியிருந்தேன்.

"இன்னாடா தங்கதொர, ஒயருக்குக் காயமா? ஊசி போட்டியா?"

அபிநயா சிரித்துவிட்டாள். என் மானம் போயிற்று.

அக்கா அந்த இடத்தை வெட்டியெடுத்தார். அபிநயாவையே ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, கம்பிகளை முறுக்கி ஈயம் வைத்தார். அம்சமான ஜாயின்ட்! மறு நிமிஷம், "ஐயோ ஏசப்பா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். முதலிலேயே ஒயரில் கோத்திருக்க வேண்டிய ஸ்லீவ் மேஜைமேல் கிடந்தது. சூடு காட்டினால் சுருங்கி ஜாயின்ட்டைக் கவ்விக்கொள்ளும் குழாய் அது. இரண்டு முனையும் ஒட்டியபிறகு அதை எங்கே நுழைப்பது?

"டேப்பு சுத்தி வுடுக்கா, நேரமாவுது" என்றேன்.

"எஞ்சின் சூட்டுல கோந்து எளகி, மலை வளைவுல டேப்பு அவுந்துக்கினா? ஒயரு பாடில பட்டா ப்யூஸ் பூடும். நீ தள்ளிக்கினு போவியா?"

போட்ட ஜாயின்ட்டை வெட்டியே விட்டார்! அபிநயாவுக்குக் கண் கலங்கியது.

"அழாத கண்ணு. இந்தா, ஸ்லீவ நீயே மொதல்ல கோத்துடு. எனக்கு மறதி ஜாஸ்தி."

அவள் கோத்தாள். அக்கா மறுபடி முறுக்கி, ஈயம் வைத்து, ஸ்லீவைத் தள்ளிச் சூடு காட்டினார். எட்டரைக்குக் கிளம்பினோம். மலையேறி முடிக்கும்வரை வண்டி ஓரிடத்திலும் நிற்கவில்லை.

பத்துக்கு ஏழு நிமிஷம் இருக்கும்போது அபிநயா கையெழுத்துப் போட்டாள். கடையில் ஒயரைப் பிடித்த கையைக் கழுவ நேரமில்லை. ரிஜிஸ்டரில் அவள் பெயருக்குப் பக்கத்தில் கரி படிந்த கட்டைவிரல் அப்படியே பதிந்துவிட்டது.

போனில் அக்காவிடம் சொன்னேன்.

"அத யாரும் அழிச்சிடாம பாத்துக்கச் சொல்லுடா" என்றார். "அது என் கடைக் கரி."