எண்ணெய் வற்றிய கியர்பெட்டி

எங்கள் வீட்டில் கார் ஓடியது என் மனைவி. நான் ஓடவில்லை. உட்துறைமுக வீதியில் அந்தச் சாம்பல் நிற ஏ-போர்ட்டி கார் போகும்போது புதிதாக ஊருக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சாறி கட்டிய பெண் ஸ்டியரிங்கில் இருப்பாள். பக்கத்தில் ஒருவர் மடியில் சாப்பாட்டுப் பையோடு வெளியே புதினம் பார்த்துக்கொண்டிருப்பார். அது நான். எனக்குத் துறைமுகக் களஞ்சியத்தில் வேலை. லிங்கநகரிலிருந்து சைக்கிளிலேயே போய் வந்துவிடுவேன். அவளோ தம்பலகாமத்தில் கணிதம் படிப்பித்தாள். கண்டி வீதியில் தினமும் போய் வரவேண்டும். அவளுடைய தகப்பனார் ஓடிய கார் அவளுக்கு வந்தது. அதைப் பராமரிக்கும் முறையும் அவரிடமிருந்தே வந்தது.

அந்தக் காலத்துக் கார்களில் முதலாம் கியர் ஒரு பிடிவாதக்காரன். மற்றக் கியர்களுக்குப் பற்களை இணக்கிவிட ஒரு பித்தளை வளையம் உண்டு. முதலாவதற்கு அது கிடையாது. வண்டி முழுதாக நின்ற பிறகுதான் போடவேண்டும். அவசரப்பட்டால் பல்லோடு பல் உரசிக் கேட்பவரின் பல்லும் கூசும். என் மனைவியின் கையில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

பள்ளிக்கூட விடுமுறை தொடங்கினால் அவளுக்குக் கியர்பெட்டி ஞாபகம் வந்துவிடும். பழைய ஹவுஸ்கோட் ஒன்றைப் போட்டுக்கொண்டு, முன் இருக்கைக்குக் கீழே விரிப்பை மடித்து, தரையிலிருக்கும் ரப்பர் மூடியைக் கழற்றுவாள். அதற்குக் கீழேதான் எண்ணெய் ஊற்றும் துவாரம். சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பாள். விரல்நுனி நனைந்தால் போதும். நனையாவிட்டால் எங்கோ ஒழுக்கு என்று அர்த்தம். சித்திரை விடுமுறையில் எண்ணெயை முழுதாக மாற்றுவாள். முதலில் காரைக் கொஞ்சத் தூரம் ஓடிச் சூடாக்குவாள். சூட்டில்தான் அழுக்கும் சேர்ந்து வடியும். பிறகு கட்டைகளில் ஏற்றி, சாக்கை விரித்துக் கீழே படுத்து, பெட்டியின் அடித்தக்கையைக் கழற்றி எண்ணெயைத் தட்டத்தில் வடிய விடுவாள். அந்தக் கறுப்பெண்ணெயில் ஒரு துளியை விரல்களுக்கிடையில் தேய்த்து வெயிலில் பிடிப்பாள். மினுக்கம் தெரிந்தால் பல் தேய்கிறது.

நகரில் எண்ணெய் விற்கும் கடைக்காரர் ஒவ்வொரு முறையும் தடித்த கியர் எண்ணெயைத்தான் எடுத்து நீட்டுவார்.

"டீச்சர், இதுதான் இப்ப எல்லாரும் போடுறது."

"உங்கட எண்ணெய் நல்லதுதான். என்ர பித்தளை வளையத்தை அது தின்னும். எனக்கு முப்பதாம் நம்பர் இஞ்சின் எண்ணெயே போதும்."

அவர் சிரித்துக்கொண்டு மாற்றித் தருவார்.

ஓய்வு பெற்ற பிறகும் அவள் பள்ளிக்கூடத் தவணையை விடவில்லை. விடுமுறை வந்தால் கார் கட்டையில் ஏறும். அந்தச் சித்திரையிலும் ஏறியது. காலையில் அவள் காருக்குக் கீழே கிடந்ததை நான் கண்டேன். கொஞ்ச நேரத்தில் காரைக் கட்டையிலிருந்து இறக்கி, கைகழுவி, தேத்தண்ணி குடித்து, சாறி மாற்றிக்கொண்டு வந்தாள். அவளோடு படிப்பித்த ஒருவர் கந்தளாயில் சுகமில்லாமல் இருந்தார். அவரைப் பார்க்கப் போவதாக முதல்நாளே பேசியிருந்தோம். நான் வாழைப்பழச் சீப்பை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன்.

சீனன்குடா கடந்ததும் ஏதோ சிணுங்கத் தொடங்கியது. மெல்லிய சத்தம், தூரத்தில் நுளம்பு பறப்பதுபோல. நான் அவளைப் பார்த்தேன். அவள் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா, ஒரு சத்தம் கேட்குதே?"

"காத்து" என்றாள்.

தம்பலகாமச் சந்தியைத் தாண்டும்போது சிணுங்கல் அழுகையானது. தரையிலிருந்து சூடு என் செருப்பு வழியே ஏறியது. தீய்ந்த மணமும் வந்தது. வேறொரு நாளென்றால் அவள் எப்போதோ நிறுத்தியிருப்பாள். சின்னச் சத்தத்துக்கே வீதியோரம் நிறுத்திக் காதைக் கொடுத்துக் கேட்பவள். அன்றைக்கு நேரே பார்த்தபடி ஓடிக்கொண்டிருந்தாள். நான் "நிப்பாட்டும், நிப்பாட்டும்" என்று கத்தியபோது பெரிய இரும்பு முறிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. பின்சில்லுகள் இறுகி, கார் இழுபட்டு, வயலோரத்தில் சரிந்து நின்றது. வாழைப்பழங்கள் என் காலடியில் சிதறின.

அவளுக்குக் காயமில்லை. ஸ்டியரிங்கை விடாமல் பிடித்திருந்தாள்.

கிண்ணியாவில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். எங்கள் காரை நீண்ட காலமாகத் தெரிந்தவர். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நாங்கள் இருவரும் அவரை நானா என்றே கூப்பிடுவோம். ரெலிபோனில் சொன்னதும் லொறி ஒன்றோடு வந்தார். ரப்பர் மூடியைக் கழற்றி விரலை விட்டார். விரல் காய்ந்தபடியே வெளியே வந்தது. கீழே போய் வடிக்கும் தக்கையைப் பார்த்தார். அது செப்பு வளையத்தோடு ஒழுங்காக இறுக்கப்பட்டிருந்தது. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே என்னைச் சற்றுத் தள்ளிக் கூட்டிப்போனார்.

"சேர், ஒரு சொட்டு இல்ல. இது ஒழுகிப் போனதில்ல. ஊத்தவே இல்ல."

"அவ இண்டைக்குக் காலமைதான் எண்ணெய் மாத்தினவ, நானா."

அவர் அவள் இருந்த பக்கம் பார்த்தார். அவள் வரம்பில் நின்று வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர் மறக்கிற ஆளில்லையே" என்றார், மெதுவாக.

வீட்டுக்கு வந்தபோது பழைய எண்ணெய் வடித்த தட்டம் முற்றத்தில் அப்படியே இருந்தது. புது எண்ணெய்த் தகரத்தைக் காணவில்லை. தேடிப் பார்த்தால் அது குசினியில், தேங்காயெண்ணெய்ப் போத்தலுக்குப் பக்கத்தில், மூடி திறபடாமலே இருந்தது. நான் அதை எடுக்கப் போனேன். அவள் எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள்.

"நான் ஊத்தினனான்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஊத்தினனான்தானே?" என்று கேட்டாள்.

அத்தனை வருடத்தில் என்னிடம் அவள் ஒரு விடையைச் சரிபார்க்கக் கேட்டது அதுதான் முதல் தடவை. "ஓம், ஊத்தினீர்" என்றேன். அவள் நம்பவில்லை. தகரத்தின் மூடியை விரலால் தடவிக்கொண்டே நின்றாள்.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். தலையைப் படம்பிடித்தார்கள். டொக்டர் அவளிடம் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லச் சொன்னார். கணக்கு டீச்சர் தொண்ணூற்று மூன்றில் நின்றுவிட்டாள். வெளியே வந்ததும் "அந்தப் பொடியனுக்குக் கேள்வி கேட்கத் தெரியேல்லை" என்று கோபித்தாள். மறதி நோய் என்றார்கள். மெதுவாகக் கூடும், குறையாது என்றார்கள்.

கியர்பெட்டியை நானா இறக்கினார். உள்ளே சுழல்தண்டுகளின் தாங்கிகள் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தன. பற்கள் துண்டு துண்டாகக் கிடந்தன. மூதூரில் ஒரு வளவுக்குள் இதே இனத்துக் கார் ஒன்று மரம் முளைத்துக் கிடந்தது. அதன் பெட்டியையும் கொண்டுவந்து, இரண்டையும் பிரித்து ஒன்றாக்கினார். வேலை முடிய மாதக்கணக்கானது. "வித்துப்போட்டுச் சும்மா இருங்க சேர், இனி ஆர் ஓடுறது?" என்று அவரே ஒருநாள் கேட்டார். ஆனால் வெறும் முற்றத்தைக் காணும்போதெல்லாம் அவள் "கார் எங்கை? அப்பா கொண்டுபோயிட்டாரோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதனால் நான் ஓடப் பழகினேன்.

தலை நரைத்தவன் பழகுநர் பலகை கட்டிக்கொண்டு கார் ஓடுவது ஊருக்கு நல்ல புதினம்தான். முதலில் நானா பக்கத்தில் இருந்தார். பிறகு அவள் இருந்தாள். முன்பு எனக்கிருந்த இடத்தில் அவள் இருந்தாள், கையைக் கட்டிக்கொண்டு. பல நாட்களில் ஒரு சொல்லும் பேசமாட்டாள். என் பெயர் அவளுக்கு அப்போது வருவதும் போவதுமாக இருந்தது. ஆனால் நான் சந்தியில் வேகம் குறைக்கும்போது முதலாம் கியர் கறகறத்தால் உடனே திரும்புவாள்.

"என்ன செய்யிறீங்கள்? வண்டி இன்னும் நிக்கேல்லை. நிண்டபிறகு போடுங்கோ."

"சரியப்பா."

"கிளச்சை முழுக்க மிதியுங்கோ. அரைவாசி மிதிச்சா ஏலாது."

அந்த நேரத்தில் குரல் பழைய குரலாகவே இருக்கும். வகுப்பறைக் குரல். உண்மையைச் சொன்னால், சில நாட்களில் அதற்காகவே நான் கியரை உரசவிட்டேன்.

அதுவும் நீண்ட நாள் இருக்கவில்லை. கறகறப்பைக் கேட்டும் கேளாதவளாக இருக்கத் தொடங்கினாள். பிறகொரு பின்னேரம், எங்கள் ஊருக்குள் திரியும் மான்கள் வீதியைக் கடக்க நான் காரை நிறுத்தியபோது, அவள் என்னை உற்றுப் பார்த்தாள்.

"இது ஆரின்ர கார்? என்னை எங்கை கொண்டு போறீங்கள்?"

"உம்மட கார்தான். வீட்டை போறம்."

"நான் இறங்கவேணும். என்னை இறக்கி விடுங்கோ."

கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துவிட்டாள். பின்னால் வந்த பஸ் ஓரத்தை உரசிக்கொண்டு போனது. நான் அவளுடைய கையைப் பிடித்தேன். அவள் அலறினாள். வீதியில் போனவர்கள் ஓடிவந்தார்கள். நான்தான் புருஷன் என்று அவர்களுக்கு விளங்கப்படுத்துவதற்குள் எனக்கு நாக்கு வறண்டுபோனது. அவளை அமைதிப்படுத்தி வீட்டுக்குக் கொண்டு சேர்த்தது முச்சக்கரவண்டிக்காரர் ஒருவர்.

அன்றைக்குப் பிறகு அவள் காரில் ஏறவில்லை. கிளினிக்குக்கு முச்சக்கரவண்டியிலேயே போகிறோம். காரை நான் கிழமையில் ஒருநாள் ஒழுங்கை முனைவரை ஓடித் திருப்பிக்கொண்டு வருகிறேன். நின்ற இடத்தில் நின்றால் கடற்காற்று அதைத் தின்றுவிடும். எண்ணெய் கீழே வடிந்து மேலேயுள்ள பற்கள் காய்ந்து துருப்பிடிக்கும். எல்லாக் கியரையும் ஒருமுறை போட்டு எடுத்தால் எண்ணெய் எல்லா இடமும் போய்ச் சேரும்.

போன சித்திரையில் எண்ணெயை நானே மாற்றினேன். சாக்கை விரித்துப் படுத்தபோது முதுகு பிடித்தது. புது எண்ணெயை ஊற்றி முடித்து, சுண்டுவிரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ பக்கத்தில் வந்து நிற்பது தெரிந்தது. அவள்தான். கையில் கோப்பை.

"நானா, தேத்தண்ணி குடியுங்கோ."

நான் எழுந்து வாங்கிக்கொண்டேன். போத்தலில் நான் ஊற்றி வைத்த சுடுதண்ணியில் சீனி மட்டும் போட்டிருந்தாள். தேயிலை இல்லை.

"அவர் இன்னும் வேலையால வரேல்லை" என்றாள். "வந்தால் சாப்பிட்டிட்டுப் போகலாம். கொஞ்சம் நில்லுங்கோ."

குடித்தேன். ஏதாவது கதைக்கவேண்டும் போலிருந்தது.

"டீச்சரின்ர அவர் கார் ஓடமாட்டாரோ?"

அவள் சிரித்தாள். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு அவளுடைய முகம் முழுதும் சிரித்தது.

"அவருக்கோ? ஏலாது. சரியான பயம். ஆனா நான் எங்கை போனாலும் பக்கத்திலை இருந்து வருவார். ஒருநாளும் 'மெல்லப் போ' எண்டு சொன்னதில்லை."

வெறுங்கோப்பையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் மூடியைப் போட்டு இறுக்கினேன். இரண்டாம் முறையும் இறுக்கிப் பார்த்தேன். கிணற்றடியில் சவர்க்காரம் போட்டு முழங்கைவரை கழுவினேன். சட்டையை மாற்றிக்கொண்டு, வேலை முடிந்து வருபவனாக முன்வாசலால் வீட்டுக்குள் வந்தேன்.

அவள் விறாந்தையில் மரவாங்கில் இருந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். வந்திட்டீங்களோ என்றும் கேட்கவில்லை, யாரென்றும் கேட்கவில்லை. சற்றுத் தள்ளி ஒதுங்கி இடம் விட்டாள். நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன்.