எமில் வோடராக் சொன்ன சாட்சி

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் அடுப்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் இரும்பு உருக்கி ஊற்றியவர் எமில் வோடராக். 1931இல் அங்கே பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எமில் உட்பட மற்றவர்களுக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் வேலை.

அந்தச் சமயம் பார்த்து மாநில சட்டசபையில் ஒரு மசோதா வந்தது. வேலை போனவனுக்குச் சில வாரங்கள் பணம் தர வேண்டும், முதலாளிகள் அதற்கு நிதி கட்ட வேண்டும் என்றது அது. முதலாளி ஸ்டாடர்ட் எமிலைக் கூப்பிட்டு, நாற்காலி காட்டி உட்காரச் சொன்னார்.

"இங்கிலாந்தைப் பாரு எமில். சும்மா உக்கார வச்சு ரொட்டி போட்டு ஆளுங்களையே கெடுத்துட்டாங்க. இந்தச் சட்டம் வந்தா நம்ம அடுப்பு விலை ஏறும், பக்கத்து மாநிலத்துக்காரன் வியாபாரத்தைத் தட்டிட்டுப் போயிடுவான். நான் சொன்னா எடுபடாது. தொழிலாளி நீ சட்டசபைக்கு வந்து, இது வேண்டாம்னு சொல்லணும்."

"எனக்குப் பேச வராதுங்களே."

"எழுதித் தர்றேன். உன் வேலைக்கு நான் பொறுப்பு."

மனைவி லியோனாவுக்குப் பொறுக்கவில்லை. "பக்கத்து வீட்டு கார்ல் வேலை போயி, குளிருக்குக் கரி இல்லாம கெடக்கான். அவன் வயித்துல அடிக்கவா போற?"

"நான் போகலேன்னா நம்ம வீட்லயும் கரி இருக்காது, லியோனா."

தலைநகரில், கனவான்கள் நிறைந்த சட்டசபை மண்டபத்தில், ஸ்டாடர்ட் எழுதித் தந்த காகிதத்தை எமில் படித்தார்: "நாங்கள் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள். இனாம் வேண்டாம்." கை தட்டினார்கள்.

ஒரு சட்டசபை உறுப்பினர் மட்டும் கேட்டார். "தொழிற்சாலையை மூடிட்டா என்ன செய்வீங்க?"

காகிதத்தில் அதற்குப் பதில் இல்லை. "முதலாளி கைவிட மாட்டாருங்க" என்றார் எமில். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

எமில் படித்தது பத்திரிகையில் வந்தது. மசோதா செத்தது. எட்டு மாதத்தில், தொழிற்சாலையின் பணம் இருந்த வங்கி திவாலாகி, தொழிற்சாலைக்குப் பூட்டு விழுந்தது. ஸ்டாடர்ட் வாசலில் நின்று எமிலின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"உன்னை ஏமாத்தல எமில். நம்பித்தான் சொன்னேன்."

அது உண்மை என்று எமிலுக்கும் தெரிந்தது. அதனால் கோபப்படக்கூட முடியவில்லை.

நிவாரண வரிசையில் கார்ல் இரண்டு ஆள் முன்னால் நின்றான். "என்ன எமில், இனாம் வாங்க வந்துட்டியா?" என்றான். அதன்பின் அந்தத் தெருவில் அவரிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

1936இல் அந்தச் சட்டம் வந்தேவிட்டது. ஆனால் அது அப்போது வேலையில் இருந்து, பிறகு அதை இழப்பவர்களுக்குத்தான். ஐம்பத்தெட்டு வயது எமிலை எந்தப் பட்டறையும் சேர்த்துக்கொள்ளவில்லை.