வோக்கிடோக்கியில் ராஜி அக்கா பேசிய தமிழ்

"ராஜி அக்கா நெத்தி உனா" என்று வோக்கிடோக்கி சிங்களத்தில் சொன்னபோது நான் ரப்பர் பால் நிறுக்கும் கொட்டிலில் நின்றிருந்தேன். அக்கா இறந்துவிட்டார். தெஹியோவிட்டப் பக்கத்து எங்கள் தோட்டத்துக்கு அந்த வோக்கிடோக்கிப் பெட்டிகள் வந்தபோது முதலில் பேசிய குரல் அவருடையது. அவர் சாவுச் செய்தியும் அதிலேயே வந்தது. நாசமாய்ப்போன பெட்டி என்று திட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அவரோடு பழகியவர்களுக்கு அவர் வாய் தெரியும். ஆபீசில் இருந்தபடியே ஸ்டோர், லொறி, மேல் டிவிஷன் எல்லாவற்றையும் ஆட்டிவைப்பார். எல்லாம் சிங்களத்தில்தான். யுத்த காலம், பெட்டியில் தமிழ் கேட்டால் பொலிஸ் வரும் என்று தோட்டத்தை நடத்தும் துரை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஒருநாள் மறந்துபோய், "அக்கா, லொறி வந்திருச்சா?" என்று கேட்டுவிட்டேன். நேரிலேயே வந்து ஏசினார். "ஐயோ சாமி, வாய மூடுங்க! உங்களுக்கும் சேத்து நானா உள்ள போறது?"

பிறகு அந்த அடைமழை. மேல் டிவிஷன் பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால் மண் வெடிக்கிறது என்று எதிர்மலையில் நின்ற கணக்கப்பிள்ளை பெட்டியில் கத்தினார். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. கைக்குழந்தையாக இருந்த என் மகளும் அங்கேதான். அங்கிருந்த ஆயாவிடமும் ஒரு பெட்டி இருந்தது. ஆனால் அவருக்குக் கடைத்தெருச் சிங்களம் மட்டுமே தெரியும். அக்கா சிங்களத்தில் சொல்லச் சொல்ல, "என்னாங்க? வெளங்கல" என்றே பதில் வந்தது. நான் ஆபீஸ் வாசலுக்கு ஓடி வந்திருந்தேன்.

அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். தமிழுக்கு மாறினார்.

"ஆயா, மண்ணு சரியுது! பிள்ளைகள தூக்கிகிட்டு கோயில் பக்கம் ஓடுங்க. ஒண்ணையும் எடுக்காதீங்க, ஓடுங்க!"

காம்பரா மண்ணுக்குள் போனது. பிள்ளைகள் எல்லோரும் கோயிலில் இருந்தார்கள்.

மறுநாள் பொலிஸ் வந்து அக்காவை அழைத்துப்போனது. சில நாள் வைத்து விசாரித்துவிட்டுத்தான் விட்டார்கள். அதன்பின் துரை அவரைப் பெட்டிப் பக்கமே விடவில்லை. ரப்பர் ஷீட் தரம்பிரிக்கப் போட்டார். அத்தனை பேசுகிற மனுஷி பேச்சையே குறைத்துக்கொண்டார். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

"வருத்தமா இருக்காக்கா?"

"இல்லாம? அந்த வேலைன்னா எனக்கு உசிரு. அதுக்காக, பிள்ளைகள ஓடச் சொல்ல எந்தப் பாஷைன்னு யோசிச்சிகிட்டா இருக்கிறது?"

இப்போது எல்லா டிவிஷனிலும் பெட்டி இருக்கிறது. துரையின் தடையும் அப்படியே இருக்கிறது. அக்காவைத் தூக்கும் நேரம் வந்ததும் நான் பொத்தானை அமுக்கினேன். "ராஜி அக்காவ எடுக்கப் போறோம். எல்லாரும் வாங்க" என்று தமிழிலேயே சொன்னேன். யார் வந்து என்ன கேட்டாலும் கேட்கட்டும்.

அக்கா எனக்கு விட்டுப்போனது என் மகளை. அவள் என் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.