கருங்கல் சுவருக்குள் எங்கள் அம்மா

பூமிக்கடியில் பாறை வெடித்தால் முதலில் எங்கள் வீட்டு ஓடுகள்தாம் பேசும். கடகடவென்று ஒரு சத்தம். பிறகு அமைதி. பிறகு, சுரங்கத்தின் ஷாஃப்டுக்குள் புருஷனை அனுப்பியிருந்த பெண்களின் ஓட்டம். அம்மா போய் ஓராண்டாகிறது. இன்றும் கூரையில் எது உருண்டாலும் மனம் அந்தத் தங்கச் சுரங்க ஊருக்கு, கோரமண்டலுக்கு ஓடிவிடுகிறது.

அம்மா குடியாத்தத்துக்குப் பக்கத்தில் பிறந்தவர்கள். அப்பா கிறிஸ்தவ சபையின் குருவானவராக அங்கே வந்தபோது, சர்ச்சுக் கோயிலை ஒட்டிய ஐயர் பங்களாவுக்குக் குடிவந்தார்கள்; குருவானவரை அங்கே ஐயர் என்பார்கள். வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடம். ஜன்னல் விளிம்பில் ஒரு பிள்ளையைப் படுக்கவைக்கலாம், கருங்கல் சுவர் அத்தனை கனம். வீட்டின் மேற்குச் சுவர்தான் கோயிலின் கிழக்குச் சுவர். அதிலிருந்த சிறு கதவு வழியே அப்பா பிரசங்க பீடத்துக்குப் போவார்கள். அம்மா தெருவைச் சுற்றிப் போய்ப் பெண்கள் பக்கம் உட்காருவார்கள். முன்கூடம் சபைக்கு. பக்கத்து அறை, என்றோ வரும் மிஷனரிக்கு. விரித்த படுக்கையோடு காலியாகவே கிடக்கும். நாங்கள் பின்னறையில் நெருக்கிக்கொண்டோம்.

பாறை வெடித்த நாளில் அப்பா ஷாஃப்டுக்கு ஓடுவார்கள். பெண்கள் எங்கள் வராந்தாவில் காத்திருப்பது அந்தச் சுரங்கக் கேம்பின் வழக்கம். அம்மா எல்லோருக்கும் டீ ஊற்றுவார்கள். ஒருமுறை, பக்கத்தில் உட்காரப்போன அம்மாவிடம் ஒருத்தி சொன்னாள்: "உனுக்கு இன்னா ஐயரம்மா, உன் வூட்டுக்காரரு மேலதான கீறாரு!" அதன்பின் அம்மா டீ கொடுத்தார்கள், உட்காரவில்லை. எங்கள் வீட்டுக்குச் சபையார் அழ வந்தார்கள், ஸ்தோத்திரம் சொல்ல வந்தார்கள். சும்மா பேச ஒருவரும் வந்ததில்லை. அம்மா அடுப்பங்கரையில் தமக்குத்தாமே பேசிக்கொண்டதைக் கேட்டிருக்கிறேன்.

அப்பா மறைந்ததும் வீட்டைப் புது ஐயருக்கு விட வேண்டும். அம்மா எங்கே போவார்கள்? பின்புறச் சமையல்கட்டில் இருந்துகொள்ளட்டும் என்று சபை மூப்பர்கள் இரக்கப்பட்டார்கள்.

"வேற ஒருத்தி அங்க விளக்கேத்தறத பின்னால குந்தினு பாக்கணுமா?" என்றார்கள் அம்மா.

பெங்களூருக்கு, என் வீட்டுக்குக் கூப்பிட்டேன்.

"உன் மாமியாரு இருக்காங்களே. ஒரு அடுப்புக்கு ரெண்டு ராணி இன்னாத்துக்கு?"

சுரங்கத் தொழிலாளரின் வரிசை வீட்டு லைனில், மூங்கில் தட்டிச் சுவரும் தகரக் கூரையுமாக ஓர் ஒற்றை அறை பிடித்தார்கள்.

குழாயடியில் அம்மாவுக்கும் சேர்த்துத் தண்ணீர் பிடித்தவர்களும், கடைசிக் காய்ச்சலில் கஞ்சி ஊட்டியவர்களும் அந்த லைன் பெண்களே. அவர்களையும், அம்மாவைச் சுமந்துபோன சபையாரையும் எங்கள் குடும்பம் மறவாது.

நான் கடைசியாகப் பார்த்தது கோரமண்டல் ஸ்டேஷனில். வண்டி நகருமுன் கேட்டேன்:

"தனியா கீறியே, பயமா இல்லியாம்மா?"

அம்மா சிரித்தார்கள்.

"தனியாவா? பக்கத்து வூட்டுக்காரி தட்டிக்கு அப்பாலருந்து ராத்திரி பூரா பேசினே கீறா, தூங்க வுட மாட்றா. நீ போயிட்டு வாடி."