தற்போதைய பாவனை: தோட்டம்

வாழ்நாளின் பெரும்பகுதியைத் தீவுப் பகுதியில் காணி உத்தியோகம் பார்த்தே கழித்தவன் நான். அந்த அனுபவத்தில் ஒன்றைத் தயங்காமல் சொல்லலாம். இங்கே உறுதிப் பத்திரம் உள்ளவர்கள் காணியில் இல்லை, காணியில் உள்ளவர்களிடம் உறுதி இல்லை. எனக்கே கரம்பொனில் ஒரு வளவில் பதினாறில் ஒரு பங்கு உண்டு. மற்றப் பங்குகள் மூன்று கண்டங்களில் கிடக்கின்றன. வளவுக்குள் இப்போது பற்றைகளும் ஆரோ விட்ட ஆடுகளுந்தான். சட்டப்படி ஒரு குறையும் இல்லை.

மண்கும்பானுக்குப் போகிற வழியில் ஓர் அரசாங்கப் பண்ணை இருந்தது. பண்ணை என்பது கோப்பில். சண்டைக் காலத்தில் அதைக் கைவிட்ட பிறகு கட்டடத்தின் ஓடு போனது, நிலை கதவு போனது, பெயர்ப்பலகையின் இரும்புக் கால்கள் இரண்டு மட்டும் மிஞ்சின. இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பங்களில் சொந்தமாக ஒரு பரப்புக் காணியும் இல்லாத சிலர் அதற்குள் தகரக் கொட்டில் போட்டு இருந்துகொண்டார்கள். பிள்ளைகள் அங்கே பிறந்தார்கள். வாக்காளர் இடாப்பில் பெயர் ஏறியது, மின்சாரம் வந்தது. காணி மட்டும் அவர்களுடையதாகவில்லை. உறுதி இல்லாதவனுக்கு வீட்டுத்திட்டத்தில் கல்வீடு கிடையாது. ஆகையால் அவர்கள் தகரத்துக்குக் கீழேயே இருந்தார்கள்.

ஒருநாள் அந்தப் பண்ணையைக் குடியிருப்பவர்களுக்கே பிரித்துக் கொடுக்கலாம் என்று மேலிருந்து கடிதம் வந்தது. பள்ளிக்கூட மண்டபத்தில் காணிக் கச்சேரி வைத்தோம். ஒவ்வொரு குடும்பமாகக் கூப்பிட்டு, ஊர் பார்த்திருக்க விசாரித்துப் படிவம் நிரப்புகிற நாள் அது. மேசைக்கு நடுவில் நான். பக்கத்தில் எங்கள் அலுவலகத்து எழுதுவினைஞர், என்னளவு சேவைக் காலம் உள்ள பெண்மணி.

படிவத்தில் ஒரு நிரல், 'காணியின் தற்போதைய பாவனை'. ஒவ்வொருவரும் 'கொட்டில் போட்டு இருக்கிறம்' என்றார்கள். நான் 'குடியிருப்பு' என்று எழுதிக்கொண்டு போனேன். அந்த நிலம் அப்படி. தோண்டினால் கல்லு, கல்லுக்குக் கீழே உப்புத் தண்ணீர்.

மத்தியானத்துக்குக் கிட்ட ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் மேசைக்கு முன்னால் வந்து அமர்ந்தார். புருஷன் இல்லை, ஒரு மகள். கொட்டில் இவருக்கும் இருந்தது. ஆனால் பண்ணையின் மூலையில், மணற்பாங்கான இடத்தில், இவருடைய கிணற்றில் மட்டும் நல்ல தண்ணீர்.

"காணியை இப்ப என்னத்துக்குப் பாவிக்கிறீர்?" என்று கேட்டேன்.

"தோட்டம், ஐயா. நல்ல தண்ணி. மிளகாய், கத்தரி, பயித்தங்காய் எல்லாம் நிக்குது. வந்து பாருங்கோவன்."

பின்வரிசை வாங்கிலிருந்து ஒருவர், "அக்கா, ஐயா காணி வாங்க வரேல்லை" என்றார். மண்டபம் சிரித்தது.

"சிரியுங்கோ. பின்னேரம் தண்ணிக்கு வாளியோடை வருவியள்தானே" என்றார் அவர், திரும்பிப் பாராமலே.

தீவுக்காரரைத் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். தண்ணீர்ப் பவுசர் வண்டி வருகிற நாளை வைத்துக் குளிக்கிற ஊரில், நல்ல தண்ணீர்க் கிணறும் நாலு பாத்தியும் உள்ளவர் தன் காணியைப் பற்றிக் கேட்டால் கொட்டிலைப் பற்றியா சொல்லுவார்? கொட்டில் எல்லோரிடமும் இருக்கிறது.

எழுதுவினைஞர் என் பக்கம் குனிந்து, 'வீடும் தோட்டமும்' என்று போட்டால் என்ன என்று மெதுவாகக் கேட்டார். அவர் வீடு என்று சொல்லவில்லையே என்றேன். விண்ணப்பதாரியின் வாக்குமூலத்தை அவரது சொல்லிலேயே பதிய வேண்டும் என்பது விதி. அதை இலக்கத்தோடு சொன்னேன். உண்மை என்னவென்றால், சிரிப்பில் குலைந்த மண்டபத்தை மறுபடி அடக்க வேண்டும் என்ற அவசரத்தில் இருந்தேன். 'தோட்டம்' என்று எழுதினேன். கையெழுத்து அழகாகவே விழுந்தது.

சில மாதங்களில் பதில் வந்தது. குடியிருப்பாகிவிட்ட நிலம் இனிப் பண்ணைக்கு உதவாது, ஆகையால் விடுவிக்கப்படுகிறது. பயிர்ச்செய்கையில் உள்ள துண்டு விவசாய நிலமாகவே இருக்கும். இதில் குற்றம் காண இடமில்லை. அந்தப் பண்ணை முழுவதிலும் பச்சையாக ஏதும் முளைத்த ஒரே இடம் அவருடையது. எனவே அரசாங்கம் தன் பண்ணையைக் கண்டுபிடித்து, அதை வைத்துக்கொண்டது.

நில அளவையாளர் வந்து கல் நட்டுப் போன மறுநாள் அந்தப் பெண் அலுவலகத்துக்கு வந்தார்.

"ஐயா, பிரிச்சுக் குடுக்கிற காணியின்ர எல்லைக் கல்லு என்ர வேலிக்கு அங்காலை நிக்குது. நான் வெளியிலை நிக்கிறன்."

மேலிடத்து முடிவு என்றேன். மேன்முறையீடு ஒன்றை நானே எழுதிக் கொடுத்தேன். நல்ல மேன்முறையீடு, இரண்டு விதிகளையும் ஒரு சுற்றறிக்கையையும் காட்டியிருந்தேன். யாருடைய பேனாவால் வந்த வினை என்பதை மட்டும் அவருக்குச் சொல்லவில்லை. போகும்போது, காணியை நேரில் தலம் பார்க்க வருவார்கள், அந்த நேரம் பயிர் நிற்காவிட்டால் நல்லது என்றும் ஆலோசனை சொல்லிவிட்டேன்.

"காய்ச்சு நிக்கிற மிளகாயையோ, ஐயா?"

"ஓம்."

பிடுங்கினார். எழுதுவினைஞர் அந்தப் பக்கத்தால் வந்தபோது கண்டு எனக்குச் சொன்னார். கத்தரியையும் விடவில்லையாம்.

தலம் பார்க்க ஆள் வர முன்னரே நான் ஓய்வு பெற்றுவிட்டேன். என் கதிரைக்கு வந்தவர் நேர்மையானவர், கண்டதைக் கண்டபடி எழுதுகிறவர். வெறும் பாத்திகளைக் கண்டார், ஒரு தகரக் கொட்டிலைக் கண்டார். 'தரிசு நிலம், காவல் கொட்டில் ஒன்று உண்டு' என்று எழுதினார். மேன்முறையீடு தள்ளுபடியானது. ஆறுதலாக, பயிர் செய்வதற்கு வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கிற அனுமதி ஒன்று கொடுத்தார்கள்.

போன மாரிக்கு முன்னர் ஒருநாள் பஸ்ஸிலிருந்து இடையில் இறங்கி அங்கே போனேன். மற்றவர்களுக்கு உறுதி வந்து, வீட்டுத்திட்டமும் வந்து, சீமெந்துக் கல் சுவர்கள் எழும்பி நின்றன. அவருடைய கொட்டிலில் தகரம் இன்னும் கறுத்திருந்தது. மிளகாய் மறுபடி நின்றது. என்னைக் கண்டதும் உள்ளே போய் அனுமதிப் பத்திரத்தைக் கொண்டுவந்து நீட்டினார்.

"இதைக் காட்டினால் வீடு தருவினமோ, ஐயா?"

"ஏலாது. அது பயிருக்கு மட்டுந்தான்."

அவர் அதை மடித்தார். அப்போதுதான் சொன்னேன். கச்சேரி அன்று வீடு என்று எழுதியிருக்கலாம், எழுதச் சொல்லி எனக்குப் பக்கத்திலேயே சொன்னவர்களும் இருந்தார்கள், நான்தான் எழுதவில்லை என்றேன். மிளகாயைப் பிடுங்கச் சொன்னதும் பிழை என்றேன். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"நான் சொன்னதைத்தானே எழுதினனீங்கள்" என்றார். "எனக்கெல்லோ வாய் நீளம். தோட்டம், தோட்டம் எண்டு."

அவர் பாத்திக்குள் கிடந்த ஓர் ஓலைத் துண்டை எடுத்து வேலிக்கு வெளியே எறிந்தார்.

"இன்னொருக்கா எழுதுவமே, ஐயா? இந்த முறை வீடு எண்டே சொல்லுறன். மகளுக்கும் சொல்லிப்போட்டன்."

ஒரே காணிக்கு இரண்டாம் மேன்முறையீடு கிடையாது. அதற்கான விதியின் இலக்கமும் எனக்கு நினைவிருந்தது.

"எழுதுவம்" என்றேன்.

கடதாசி எடுக்க அவர் கொட்டிலுக்குள் போனார்.