மிச்சம் பிடித்த வாட்டர் பம்ப்

ஒரகடம் பக்கம் வாழ்க்கைப்பட்டவளுக்கு ஒரு தலைவலி நிச்சயம். இங்கே எந்த ஆம்பிளையைக் கேட்டாலும் கார் கம்பெனியில் வேலை என்பான். பொய் இல்லை. ஆனால் ஒருத்தன் நாள் முழுக்கக் கதவுக்கு ரப்பர் ஒட்டுகிறவன், இன்னொருத்தன் சீட்டுக்கு அடியில் நாலு போல்ட் முடுக்குகிறவன், வேறொருத்தன் பெயின்ட் காய்ந்த பானெட்டைத் துணியால் துடைக்கிறவன். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி டீக்கடையில் கால் வைத்ததும், என்னவோ இவர்களே உருக்கி வார்த்து முழுக் காரைச் செய்து வெளியே தள்ளிவிட்டு வந்த மாதிரி பேசுவார்கள். இன்ஜினை இவர்கள் பிரித்துப் பார்த்தது யூடியூபில்தான்.

அந்தக் கூட்டத்துக்கு என் வீட்டுக்காரர் தலைவர். பன்னிரண்டு வருஷமாகக் காருக்குப் பக்கக் கண்ணாடி செய்கிற கம்பெனியில் இருக்கிறார். கண்ணாடியை அவர் செய்வதில்லை. செய்த கண்ணாடியைப் பெட்டியில் வைத்து டேப் ஒட்டுகிற இடத்துக்கு அவர் சூப்பர்வைசர். அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. செலவைக் குறைக்க யோசனை எழுதிக் கொடுத்தால், நல்ல யோசனைக்கு மாசாமாசம் பரிசு கொடுப்பார்கள். பெட்டிக்கு இரண்டு சுற்று டேப் எதற்கு, ஒன்று போதும் என்று எழுதிக் கொடுத்து ஒரு ஹாட்பாக்ஸ் வாங்கிக்கொண்டு வந்தார். அன்றோடு எங்கள் வீட்டுக்குச் சனி பிடித்தது. குளிக்கிற சோப்பைப் பாதியாக வெட்டினார். இட்லிப் பானை வைக்கிற பெரிய அடுப்பை எரிக்கக்கூடாது என்றார். "காஸ்ட் சேவிங்" என்று சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு பக்தி வரும் பாருங்கள், கோயிலில்கூட அப்படி வந்து நான் பார்த்ததில்லை.

கார் என்னுடையது. எங்கள் அப்பா நிலத்தை விற்றபோது என் பங்காக வந்த காசில் வாங்கிய பழைய டீசல் கார். குன்றத்தூரில் எங்கள் தெருவையும் பக்கத்துத் தெருவையும் சேர்ந்த நாலு பெண்கள் ஒரகடத்தில் வெவ்வேறு கம்பெனிகளில் வேலை செய்கிறார்கள். கம்பெனி பஸ் மெயின் ரோட்டோடு போய்விடும். முதல் ஷிப்டுக்கு இருட்டோடு இருட்டாக அந்த ரோடு வரைக்கும் நடக்க அவர்களுக்குப் பயம், நாயும் இருக்கிறது, குடிகாரனும் இருக்கிறான். அதனால் நான் வீட்டு வாசலிலேயே ஏற்றிக்கொண்டு போய் கேட்டில் இறக்கிவிடுவேன், மதியம் ஷிப்ட் விட்டதும் கூட்டிக்கொண்டு வருவேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் சம்பாதித்த காசு அந்த டிரிப்பில் வந்ததுதான். ஒரு புடவை எடுக்க, எங்கம்மாவுக்கு மாத்திரை வாங்க, யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை. அந்த டிரிப் போய்விட்டால் நான் மறுபடி சோப்பைப் பாதியாக வெட்டுகிற மனுஷனிடம் போய் நிற்கவேண்டும். எனக்கு இருந்த ஒரே பயம் அதுதான்.

அதனால்தான் வண்டி விஷயத்தில் நான் அசட்டையாக இருந்ததே இல்லை. போன வருஷம் ஆயில் மாற்றப் போனபோது, தண்டலம் பக்கத்தில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக், ஓடிய கிலோமீட்டரைப் பார்த்துவிட்டு டைமிங் பெல்ட் மாற்றவேண்டும் என்றான். இன்ஜினுக்குள் மேலே திறந்து மூடுகிற வால்வும் கீழே ஏறி இறங்குகிற பிஸ்டனும் ஒன்றை ஒன்று இடித்துக்கொள்ளாமல் ஓடவைக்கிற, உள்பக்கம் பல் வைத்த ரப்பர் பட்டை அது. இன்ஜின் சூடாகாமல் தண்ணீரைச் சுற்றவிடுகிற பம்ப்பையும் என் வண்டியில் அதே பட்டைதான் சுழற்றுகிறது.

"பெல்ட்டு, வாட்டர் பம்ப்பு ரெண்டயும் சேத்து மாத்திடுக்கா," என்றான். "பிரிக்கிற கூலி ஒண்ணுதான். பெல்ட்ட கயட்டுனா பம்ப்பு கையிலயே கீது. இப்ப வுட்டுட்டு அப்புறமா மாத்தணும்னா மறுபடி மொத்தத்தயும் பிரிக்கணும்."

எல்லாம் சேர்த்துப் பதினோராயிரம் சொன்னான். எனக்கு நியாயமாகத்தான் பட்டது. டிரிப் காசில் சேர்த்தும் வைத்திருந்தேன். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்தவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சோறு போடும்போது அவரிடம் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஹாலில் கமிட்டி கூடிவிட்டது. கதவுக்கு ரப்பர் ஒட்டுகிறவர் வந்தார். பானெட் துடைக்கிறவர் வந்தார். திருநெல்வேலியிலிருந்து வந்து எங்கள் மாடியில் வாடகைக்கு இருக்கிற தம்பி, காருக்கு ஏசி பைப் மாட்டுகிறவன், அவனும் பனியனோடு இறங்கி வந்தான். காபி நான் போட்டேன். கார் என்னுடையது, காசு என்னுடையது, பேச்சு மட்டும் அவர்களுடையது.

"பம்ப்பு லீக் ஆவுதா? இல்ல. சத்தம் வருதா? இல்ல," என்று ஆரம்பித்தார் என் வீட்டுக்காரர். "நல்லா ஓடிக்கினு இருக்கறத இன்னாத்துக்கு மாத்தணும்? பெல்ட்ட மட்டும் மாத்து. மூவாயிரம் மிச்சம்."

"கூலி ஒண்ணுதாங்க. நாளைக்கு பம்ப்பு பூட்ச்சுன்னா மறுபடி கூலி அழணுமே?" என்றேன். நாலு பேர் இருந்தால் நான் அவரை 'நீங்க' என்பேன். இல்லாவிட்டால் 'நீ'தான்.

"மெக்கானிக்குனா அப்டித்தான் அண்ணி சொல்லுவான்," என்றார் ரப்பர்காரர். "ஒண்ணு கேட்டா ரெண்டு எழுதுவான். நாங்க கம்பெனில பாக்காததா?"

நீ பார்ப்பது ரப்பர்தானே ஐயா என்று வாய் வரைக்கும் வந்தது. காபியோடு சேர்த்து முழுங்கிவிட்டேன். மறுநாள் என் வீட்டுக்காரரே லீவு போட்டுவிட்டு ஷெட்டுக்கு வந்து, பெல்ட் மட்டும் போதும் என்று உத்தரவு போட்டார். மெக்கானிக் ஒரு தரம் என்னைப் பார்த்தான், ஒரு தரம் அவரைப் பார்த்தான். "உங்க இஷ்டம் சார்" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுத்தான். அவனுக்கு என்ன போச்சு? மறுபடி பிரித்தால் மறுபடி கூலி. கழற்றிய பழைய பம்ப்பைத் துடைத்து அதே இடத்தில் மாட்டினான். மிச்சம் பிடித்த பெருமையில் அன்றைக்குச் சாயங்காலம் கமிட்டி நாலு பேரும் பிரியாணி சாப்பிட்டார்கள். எனக்குப் பார்சல் இல்லை, அது காஸ்ட் சேவிங்.

சில மாசம் வண்டி ஒழுங்காகத்தான் ஓடியது. அப்புறம் ஒரு நாள் காலையில் வண்டியை எடுத்த இடத்தில் தரையில் சொட்டுச் சொட்டாக ஈரம். தொட்டுப் பார்த்தேன், வழவழவென்று பச்சையாக இருந்தது. அவரிடம் சொன்னால், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் "ஏசி தண்ணி" என்றார். மாடித் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஏசி தண்ணிதான் மதினி, பயப்படாதீய," என்றான். "டெய்லி அந்த பைப்ப மாட்டுதவன் நான்லா."

"பச்சையா கீதே தம்பி?"

"தரையில பாசி இருக்கும் மதினி."

சிமென்ட் போட்டு நாலு மாசம் ஆகாத தரை அது. மழையும் இல்லை. பாசியாம் பாசி! இன்ஜின் சூடாகாமல் இருக்க ஊற்றுகிற தண்ணீர்தான் பச்சையாக இருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமையே இவர்கள் யாருக்கும் சொல்லாமல் ஷெட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தேன். அதுவரைக்கும் ரேடியேட்டரில் தினமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஓட்டினேன். வெள்ளிக்கிழமையே கதை முடிந்துவிட்டது.

நாலு பெண்களோடு போய்க்கொண்டிருந்தேன். ஒரகடம் மேம்பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் பானெட்டுக்குள் கீச்சென்று ஒரு சத்தம் கேட்டது, அடுத்து படபடவென்று ஏதோ அடித்தது, இன்ஜின் செத்துவிட்டது. பின்னால் கன்டெய்னர் லாரிக்காரன் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். நாலு பெண்களும் யூனிபார்மோடு இறங்கி வண்டியை ஓரம் தள்ளினார்கள். ஒருத்தி இன்னும் நிரந்தரம் ஆகாதவள், சூப்பர்வைசருக்குப் போன் போட்டுப் போட்டு அவன் எடுக்காமல் அழ ஆரம்பித்துவிட்டாள். ஷேர் ஆட்டோ கிடைத்துப் போய்ச் சேர்ந்தபோது கேட்டில் லேட் என்று நிறுத்தினார்கள். அரை நாள் சம்பளம் போச்சு, லீவு போடாமல் வந்தால் தருகிற மாசப் படியும் போச்சு. அந்தப் பெண்கள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மெக்கானிக் பிரித்துக் காட்டினான். பம்ப் ஒழுகி ஒழுகி, பேரிங் போய், சுற்றாமல் இறுகிவிட்டது. புது பெல்ட்டின் பல்லெல்லாம் அதில் மாட்டி வழித்துக்கொண்டது. வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளைந்து கிடந்தன. நாற்பத்திரண்டாயிரம் ஆகும் என்றான். கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் தெரியாது என்பார்களே, அந்த ஆளைத்தான் எனக்குக் கட்டிவைத்திருக்கிறார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி கமிட்டி. வெட்கம் மானம் இருக்கிறவன் வாசல் பக்கமே வந்திருக்கமாட்டான். இவர்கள் சார்ட் பேப்பரோடு வந்தார்கள். கம்பெனியில் எது கெட்டுப்போனாலும் ஐந்து தரம் 'ஏன்' என்று கேட்டுக் காரணம் கண்டுபிடிக்கவேண்டுமாம். அதை எங்கள் ஹாலில் விரித்தார்கள். பானெட் துடைக்கிறவருக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று ஸ்கெட்ச் பேனாவை அவரிடம் கொடுத்தார்கள். வண்டி ஏன் நின்றது? பெல்ட் பல் போனதால். பல் ஏன் போனது? பம்ப் இறுகியதால். பம்ப் ஏன் இறுகியது? தண்ணீர் ஒழுகியதால். ஒழுகியதை ஏன் யாரும் கவனிக்கவில்லை? என் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார், "ஓட்டறவங்க கவனிக்கல. ஆபரேட்டர் எரர்." பானெட்காரர் அதை எழுதி அடிக்கோடும் போட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், இங்கே ஆடாதவனெல்லாம் கூடிக்கொண்டு ஆடினவள் காலைக் கோணல் என்கிறான்.

டீ தட்டை அந்தப் பேப்பர் மேலேயே வைத்தேன்.

"அஞ்சு ஏன்னு சொன்னீங்களே, நாலுதான் கீது," என்றேன். "அஞ்சாவத நான் கேக்கறேன். பெல்ட்டு மாத்தசொல்ல கையிலயே கெடந்த பழைய பம்ப்ப, மறுபடி ஏன் உள்ள மாட்டச் சொன்னீங்க?"

பானெட்காரர் ஸ்கெட்ச் பேனாவுக்கு மூடி போட்டார். மாடித் தம்பி, "டீ நல்லா இருக்கு மதினி" என்றான்.

"அப்ப அது நல்லா ஓடிக்கினுதான இருந்திச்சு..." என்று இழுத்தார் இவர்.

"நீ வாய மூடு," என்றேன். ஆட்கள் முன்னால் அவரை 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பேப்பரைச் சுருட்டிக்கொண்டு மூன்று பேரும் டீயைக்கூட முடிக்காமல் எழுந்து போனார்கள். எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம்.

சந்தோஷம் நாற்பத்திரண்டாயிரம் தருமா? என் நகை ஏற்கெனவே அடகில் இருந்தது. வீட்டில் விலைபோகிற பொருள் அவர் பைக் ஒன்றுதான். விற்கிறாயா, நான் எங்கம்மா வீட்டுக்குப் போகட்டுமா என்று கேட்டேன். விற்றார். இந்தத் தடவை பெல்ட், பம்ப், இன்னும் என்னென்ன உண்டோ எல்லாவற்றையும் நானே பக்கத்தில் நின்று புதுசாக மாட்டவைத்தேன். ஆனால் வால்வு இருக்கிற இன்ஜின் ஹெட் லேத் பட்டறையில் வாரக்கணக்கில் கிடந்தது. முதலில் நாலு பெண்களும் தினமும் போன் செய்தார்கள், "எப்பக்கா வண்டி வரும்?" என்று. அப்புறம் ஒருத்தி மட்டும் செய்தாள். அப்புறம் அவளும் நிறுத்திவிட்டாள்.

வண்டி வந்த மறுநாள் வழக்கமான நேரத்துக்கு எழுந்து, கண்ணாடியெல்லாம் துடைத்து, சீட்டுக்குப் புது உறை போட்டுக்கொண்டு போனேன். தெருமுனையில் மஞ்சள் போர்டு வேன் ஒன்று நின்றது. நாலு பேரும் அதற்குள்ளே உட்கார்ந்திருந்தார்கள். சூப்பர்வைசருக்குப் போன் போட்டு அழுதவள் ஜன்னலைத் தள்ளினாள்.

"அக்கா, வேன்காரருக்கு அட்வான்ஸ் குடுத்துட்டோம்கா. தப்பா நெனச்சிக்காத. இன்னொரு தபா லேட்டானா எனக்கு வேலயே பூடும்கா."

அவள் மேல் எனக்கு ஒரு துளி கோபம் இல்லை. நானாக இருந்தாலும் வேனில்தான் ஏறியிருப்பேன். "இதுல இன்னாம்மா தப்பு, பத்ரமா போ" என்றேன். அவர்கள் பார்க்க வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போக எனக்கு மனசு வரவில்லை. அதனால் எனக்கும் சவாரி இருக்கிற மாதிரி வேனுக்கு முன்னால் கிளம்பி, ஒரகடம் வரைக்கும் காலி வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். மேம்பாலம் தாண்டி ஓரமாக நிறுத்தி ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். இன்ஜின் அப்படி ஓடிக்கொண்டிருந்தது, தைத்த மாதிரி, ஒரு உதறல் இல்லை.

சாயங்காலம் அவர் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினார். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "வண்டி எப்பிடி ஓடுது?" என்று கேட்டார்.

"சத்தமே இல்லாம ஓடுது," என்றேன்.

"பாத்தியா? பெல்ட்டும் பம்ப்பும் சேத்து மாத்துனா அப்பிடித்தான் ஓடும். நாம சொல்றத அந்த மெக்கானிக்கு எங்க கேக்கறான்," என்று சொல்லிவிட்டுக் கை கால் கழுவப் போனார்.